பச்சை உடம்புக்காரி

கரண்டு போனது குணாளனுக்குக் காதில்தான் முதலில் தெரிந்தது. பின்கட்டு அறையில் முட்டைகளைச் சூட்டில் வைக்க அவன் கையாலேயே செய்த அடைப்பெட்டி ஒன்று உண்டு. மார்க்கெட்டில் மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டிதான், உள்ளே சூட்டுக் கம்பியும் ஒரு குட்டி விசிறியும் வைத்து மூடியிருந்தான். இரவும் பகலும் அது முனகிக்கொண்டே இருக்கும். முனகல் நின்ற பிறகுதான் தகரக் கூரையில் மழை பெய்வதே காதில் விழுந்தது. "ஏங்க, கரண்டு போயிருச்சு" என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி இந்திராணி குரல் கொடுத்தாள், என்னவோ அவனுக்குத் தெரியாத மாதிரி. "மேல் ரோட்டுல மரம் விழுந்து கம்பி அறுந்து கெடக்காம். பக்கத்து வீட்டு ஆ மோய் சொல்லிட்டுப் போறா. விடிஞ்சாத்தான் வருமாம்லா." விடிஞ்சாத்தான். அந்த ஒரு சொல்லில் அவன் மனம் சேலை முள்ளில் மாட்டியது போல மாட்டிக்கொண்டது. கீழே ஈப்போவாக இருந்தால் கவலையே இல்லை, அங்கே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இது கேமரன் மலை, பிரிஞ்சாங். மழை பிடித்துக்கொண்டால் மத்தியானத்திலேயே பேசுகிற வாயில் புகை வரும். பெட்டிக்குள் இருக்கிற முட்டைகள் விடியும்வரை இந்தக் குளிரில் கிடந்தால் ஒன்றுகூடத் தேறாது. ஜெனரேட்டர் இருந்தால் தேறும். தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவன் வீட்டில் ஜெனரேட்டர் இல்லாமலா இருக்கும், இருந்தது. போன வாரம் மச்சான் வந்து கோயில் தேருக்கு விளக்குப் போட வேண்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், கொடுக்காதே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, சாமி காரியம் என்று கொடுத்துவிட்டான். சாமி இப்போது ஈப்போவில் ஜகஜோதியாக இருக்கும்.

வேறு எந்தப் பாம்பின் முட்டையாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பானோ என்னவோ. இவை சுருளியின் முட்டைகள். சுருளி எதிர்ச் சுவரோரம் கண்ணாடிக் கூண்டில் இருக்கிறாள். பர்மா மலைப்பாம்பு, முறையாக லைசன்ஸ் எடுத்து வளர்ப்பது. இந்திராணியின் புடவையை விரித்துப் போட்டால் அதன் நீளத்துக்கு முந்தானை மட்டும் மிச்சமாகும்படி வளர்ந்துவிட்டாள். நடுவுடம்பு இந்திராணியின் தொடைக் கனம் இருக்கும், இந்த ஒப்புமையை ஒருமுறை வாய் தவறி அவளிடமே சொல்லிவிட்டு இரண்டு நாள் கடையில் சாப்பிட்டான். முதல் ஈடு முட்டை போட்டபோது அத்தனையும் மெழுகு உருண்டைகள் மாதிரி மஞ்சளாக, உயிரில்லாமல் வந்தன. அடுத்த ஈடும் அப்படியே. மூன்றாவதாக இது. வெள்ளையாக, தோல் பை மாதிரி மெத்தென்று, இருட்டில் டார்ச்சை அடியில் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடுகின்றன. அதை முதன்முதலாகப் பார்த்தபோது குணாளன் டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வயதாகிவிட்டது, இதுதான் கடைசியாக இருக்கும் என்று மிருக டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி ஈடு, விடிஞ்சாத்தான். இரண்டு சொல்லும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தலைக்குள் ஓடின. அவன் அடுப்படிக்குப் போய்ப் பெரிய கேத்தலில் தண்ணீர் வைத்தான், காஸ் அடுப்பு கரண்டை எதிர்பார்ப்பதில்லை, அந்த மட்டும் புண்ணியம். வெந்நீரைப் பிளாஸ்டிக் போத்தல்களில் ஊற்றித் துணி சுற்றி முட்டைகளின் ஓரமாக வைத்தான். வெப்பமானி மளமளவென்று ஏறியது. ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஐயோ வேகப்போகிறது என்று பதறிப் போத்தல்களை வெளியே எடுத்தான். எடுத்ததும் இறங்க ஆரம்பித்தது, இறங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். ஒரு பாகை கூடினாலும் ஆபத்து, நாலைந்து பாகை குறைந்தாலும் ஆபத்து. இதை விடியும்வரை செய்ய முடியுமா? முட்டைகளைப் புரட்டவும் கூடாது. கோழி முட்டை என்றால் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், பாம்பு முட்டையைத் திருப்பினால் உள்ளிருக்கும் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். அதனால்தான் எது மேல்பக்கம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தான். அதைக் கதவருகே நின்று பார்த்த இந்திராணி, "திருஷ்டிப் பொட்டு வச்சாச்சா? சரிதான், ஊர்க் கண்ணு பொல்லாதது" என்று சிரித்தாள்.

அன்றைக்குச் சிரித்தவள் மறுநாள் சிரிக்கவில்லை. முட்டையிட்டு அவற்றைச் சுற்றிக்கொண்டு கிடந்த சுருளியை முதல் நாள்தான் நண்பன் ஒருவனும் இவனுமாகச் சேர்ந்து பிரித்தெடுத்திருந்தார்கள். வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். பெட்டியில் வைத்தால் சூடு கையில் இருக்கும், தாயிடம் விட்டால் அவள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பாவாள். எடுத்ததோடு முடியாது, முட்டை வாசனை உடம்பில் இருக்கும்வரை அவள் தேடிக்கொண்டே இருப்பாள், இரை எடுக்க மாட்டாள். ஆகவே தாயைக் குளிப்பாட்ட வேண்டும், கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வாசனையே இல்லாமல் துடைத்துவிட்டால் இரண்டே வாரத்தில் மறந்துபோய்ப் பழையபடி முயலை விழுங்குவாள். அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். குளியலறையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்திராணி வெளியே நின்று கதவைத் தட்டினாள். "பிள்ளை பெத்தவளுங்க அவ. பச்சை உடம்புக்காரியை இந்தக் குளிர்ல குளிப்பாட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள். "பாம்புக்கு ஏதுடி பச்சை உடம்பு" என்று இவன் உள்ளேயிருந்து கத்தினான். "அந்த முட்டையையாவது அவகிட்ட விட்டுட வேண்டியதுதானே." "மேல படுத்து நசுக்கிப்புட்டா?" "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்றாள் அவள். இவன் அது கோழி, இது பாம்பு என்று ஏதோ சொன்னான். அவள் போய்விட்டாள். பத்துப் பதினோரு வருஷமாக அந்த அறைக்குள் காலெடுத்து வைக்காதவள், பாம்பு என்ற சொல்லைப் பொழுது சாய்ந்தால் வாயில் எடுக்காதவள், பூச்சி என்றுதான் சொல்வாள். அத்தனை பெரிய உடம்பைப் பூச்சி என்று சொல்வதைக் கேட்டு இவன் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறான். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான். எனக்குத் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டான். தெரியுமா? கேத்தல் கூவியது. போய் எடுத்தான், ஊற்றினான், வைத்தான், எடுத்தான். வெப்பமானி இந்தத் தடவை முன்னைவிடக் கொஞ்சம் கீழே போய்த்தான் நின்றது.

குந்தியிருந்த கால் மரத்துப்போகவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சுருளியைப் பார்த்தான். அவளுடைய கூண்டிலும் விளக்கு இல்லை, சூட்டுத் தட்டு இல்லை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். அவள் தண்ணீர் குடிக்கிற பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துப்போட்டு அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்தாள். முட்டைகளை எடுத்த மறுநாளிலிருந்தே அப்படித்தான். சரி, பழக்கதோஷம், போகப் போக விட்டுவிடுவாள் என்று இருந்தான். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை, முயலையும் தொடவில்லை. அடுக்கடுக்காக வளையங்கள், கூடை பின்னியது மாதிரி, உச்சியில் தலை. தவிட்டு நிறத்துக்கு மேல் ஓரம் கறுத்த பெரிய பெரிய திட்டுகள். இந்த உடம்பு ஒருநாள் அவன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது என்றால் யார் நம்புவார்கள். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வரும்போது தலையணை உறைக்குள் போட்டு, குளிரப்போகிறதே என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டான், தாப்பா தாண்டியதும் அது உறையின் வாயைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவன் கக்கத்தில் சுருண்டது, பக்கத்துச் சீட்டுக் கிழவருக்குத் தெரியாமல் அவன் மலை ஏறும்வரை கையை அசைக்காமல் வந்தான். அன்றைக்கு நான்தான் அவளுக்குச் சூடு. அதற்குப் பிறகும் நான்தான், விளக்கும் தட்டும் கம்பியும் நான் கொடுத்ததுதானே. தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிறவி, வெயிலோ விளக்கோ யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், குளிர்ந்த ரத்தம். ஒருமுறை, அது ஆயிற்று மூன்று வருஷம், முயலைத் தொட்ட கையோடு கூண்டைத் திறந்துவிட்டான். முழங்கையில் இரண்டு சுற்று விழுந்தது. அவள் கோபப்படவில்லை, கடிக்கவில்லை, பிடித்தாள், அவ்வளவுதான். அவன் ஆயுசில் எத்தனையோ இரும்பைக் கையாண்டிருக்கிறான், எந்த இரும்பும் அப்படி யோசித்து யோசித்து இறுக்கியதில்லை. விரல்கள் கறுத்தன. கத்தக்கூடத் தோன்றவில்லை. அவள் நாக்கை நீட்டி அவன் தோளைப் பார்த்தாள், பிறகு எதையோ முடிவு செய்துகொண்ட மாதிரி தானாகவே தளர்ந்து போனாள். ஏன் விட்டாள்? இன்றுவரை தெரியாது. இந்திராணிக்கு இன்றுவரை சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பெரிய கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரை விலகும்போது வயிற்றில் ஒன்று கழன்று விழுமே, அதுதான் மீதி.

அப்போதுதான் கவனித்தான். வளையங்களில் ஓர் அசைவு. மூச்சு இல்லை, மூச்சு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இது வெட்டு வெட்டாக, விக்கல் எடுக்கிறவளைப் போல, உச்சி வளையத்தில் தொடங்கி அடி வளையம்வரை ஒரு துடிப்பு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. கண்ணாடிக்குக் கிட்டே போய் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். நடுங்குகிறாள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், இங்கே பாம்பே நடுங்குகிறது. குளிர் தாங்கவில்லையா, ஜன்னி கண்டுவிட்டதா, அன்றைக்குக் குளிப்பாட்டியதுதான் உள்ளே இறங்கிவிட்டதா, முட்டையும் போய்த் தாயும் போகப்போகிறாளா? இந்திராணி சொன்னாள், சொன்னாள். போர்வையைப் போடலாமா, வெந்நீர்ப் போத்தலை இங்கேயும் கொண்டுவரலாமா என்று எழுந்தவன் பாதியில் நின்றான். எங்கேயோ படித்திருக்கிறான். மலைப்பாம்புத் தாய் தன் தசைகளைத் தானே துடிக்க வைத்து உடம்பைச் சூடாக்கி அடைகாக்கும் என்று படித்திருக்கிறான். நட்சத்திரம் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று படிப்பதில்லையா, அப்படி. படித்தான், சரி என்றான், பக்கத்தைப் புரட்டினான். பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பான், முட்டை விழுந்த மறுநாளே எடுத்துவிடுகிறவன். மெழுகு உருண்டைகளைக்கூட எடுத்துக் குப்பையில் போட்டவன். அப்படியானால் இது காய்ச்சல் இல்லை. இது குளிருக்குப் பயந்த நடுக்கமும் இல்லை. அறை குளிரக் குளிர அவள் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறாள். இரை எடுக்காமல், தன் சதையையே விறகாக வைத்து. கவிழ்ந்து கிடக்கிற ஒரு பிளாஸ்டிக் பேசினுக்காக. குணாளன் மறுபடி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டான். அவன் அழுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணாடி நனைந்திருந்தது, அது மூச்சுக்காற்றாகவும் இருக்கலாம்.

முட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் வந்தது. வாசனையைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் நான். முட்டைகளில் இப்போது என் கை நாற்றமும் பெட்டி நாற்றமும்தான் இருக்கும், தன்னுடையவை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? கண்டுபிடிக்காமல் உதறித் தள்ளினால் உருளும், உருண்டால் புரளும், புரண்டால் போயிற்று. பெட்டியிலேயே விட்டால் மெதுவாகப் போகும், அங்கே வைத்தால் ஒரே அடியில் போகும். அது போக, பிள்ளையைக் காக்கிறவளின் மடியில் கை விடுகிற ஆபத்து வேறு. நடுவுடம்பு அத்தனை கனம் உள்ள பாம்பிடம் தனியாகப் போகக்கூடாது என்பது பாம்பு வளர்க்கிறவர்களுக்குள் எழுதாத சட்டம், இரண்டு பேர் வேண்டும். நண்பன் ரிங்லெட்டில் இருக்கிறான், நடுவில் ரோட்டில் மரம். வெப்பமானியைப் பார்த்தான், இறங்கிக்கொண்டிருந்தது. "இந்திராணி" என்று கூப்பிட்டான். அவள் கையில் கரண்டியோடு வந்து கதவு நிலைக்கு வெளியே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். அவன் கூண்டைக் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "என்னங்க இது, தூக்கித் தூக்கிப் போடுது?" என்றாள். "அடை காக்குறா." "எதை?" கேட்டுக்கொண்டே அவளும் பேசினைப் பார்த்துவிட்டாள். கரண்டியைப் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. "அடப்பாவி மனுஷா" என்றாள், சத்தமே வராமல். "முட்டையை வைக்கணும். எனக்கு ஒரு ஆள் வேணும். பெரிய துண்டு ஒண்ணு கொண்டா. என்னைச் சுத்திக்கிட்டா வால்லேர்ந்து பிரிக்கணும், தலைப்பக்கம் போகாதே" என்றான். சொல்லும்போதே இது நடக்காது, இவள் வரமாட்டாள் என்று நினைத்தான். அவள் கரண்டியை வெளியே தரையில் வைத்தாள், கொடியிலிருந்து பெரிய துண்டை உருவிக்கொண்டாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள், பூஜை அறைக்குள் போகிறவள் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "துண்டை நானே போடுறேன். நீங்க முட்டையைப் பாருங்க" என்றாள்.

கண்ணாடியை நகர்த்தியதும் சுருளி மூச்சை இழுத்து விட்டாள், லாரி டயரில் காற்றுப் போகிற சத்தம். நடுக்கம் நின்றது. தலை வளையத்திலிருந்து எழுந்து பின்னுக்கு வளைந்தது. அவள் கண்ணால் பார்ப்பது கொஞ்சம், உதட்டோரத்துக் குழிகளால் சூட்டைப் பார்ப்பதுதான் நிறைய. அவளுக்கு நாம் இரண்டு பேரும் இரண்டு கதகதப்பு, அவ்வளவுதான், பெயரில்லை, உறவில்லை என்று நினைத்தான். அப்படி நினைத்தபோது வருத்தமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது. இந்திராணி துண்டை விரித்து வீசினாள், அது விழுவதற்குள் தலை வந்து துண்டில் மோதியது, இந்திராணி "முருகா" என்றாள், ஆனால் துண்டின் நுனியை விடவில்லை. துண்டுக்கு அடியில் தலை அமர்ந்தது. அவன் பாம்புக் கொக்கியால் பேசினை மெல்ல நெம்பினான். வளையம் விடவில்லை. இறுக்கினாள். அவன் நின்றான், நெம்பினான், நின்றான். "பிடுங்காதீங்க. முதல்ல ஒண்ணைக் காட்டுங்க" என்றாள் இந்திராணி. காட்டுவதா? அவன் வாழ்நாளில் கேட்டிராத யோசனை. ஒட்டிக் கிடந்த முட்டைக் கொத்து ஒன்றை, பென்சில் புள்ளி மேலே இருக்கும்படி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வளையத்தின் விளிம்பில் வைத்தான். கையை எடுக்கவில்லை, எடுத்தால் உருளும். துண்டின் ஓரத்திலிருந்து நாக்கு வந்தது. முட்டையைத் தொட்டது, அவன் கட்டைவிரலைத் தொட்டது, மறுபடி முட்டை. அவன் பெட்டியின் நாற்றம், சோப்பு, அவன் கை, கேத்தலின் கரி, இத்தனைக்கும் அடியில் எதையோ அந்த இரட்டை நாக்கு தேடிப் போயிற்று. பேசின் தானாகக் கழன்றது. அவள்தான் விட்டாள். உச்சி வளையம் அகன்றது, கதவு திறக்கிற மாதிரி இல்லை, தாழ்ப்பாளே இல்லாத ஓர் இடம் திறக்கிற மாதிரி. அவன் முதல் கொத்தை உள்ளே இறக்கினான். இரண்டாவதை இறக்கினான். கடைசியான மூன்றாவதை இறக்கும்போது வளையம் அவன் மணிக்கட்டின் மேல் மூடியது. இந்திராணி குனிந்து வாலைப் பிடித்தாள், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, இரண்டு கையாலும். "இரு" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. இறுக்கம் இல்லை. எடை மட்டும். முட்டைகள் குலுங்காமல் சுருளி தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள், அவன் கையைச் சுற்றிக்கொண்டு, ஒதுக்கிக்கொண்டு, கடைசியில் வெளியே நகர்த்திவிட்டாள், குழந்தையைப் படுக்க வைக்கும்போது நடுவில் கிடக்கிற தலையணையை நகர்த்துவார்களே அப்படி.

அதன் பிறகு சுருளி மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். வெப்பமானியின் மெல்லிய கம்பியை அவன் வளையங்களுக்கு நடுவே விட்டிருந்தான். எண் ஏறியது, அவன் வெந்நீர்ப் போத்தல் வைத்தபோது ஏறியது போலத் தாவவில்லை, மாடிப்படி ஏறுகிற கிழவி மாதிரி நிதானமாக ஏறியது, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அவன் காத்திருந்தான். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. புத்தகத்தில் போட்டிருந்த எண் அது. கம்பியும் விசிறியும் வைத்து அவன் வருஷக்கணக்காகப் பிடிக்கப் பார்த்த எண், படிக்கத் தெரியாத ஓர் உடம்பு தசையால் பிடித்து வைத்திருந்தது. அவன் உள்ளங்கையை விரித்து அவள் மேல் வைத்தான். சூடு. விளக்குச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை, அவன் கொடுத்தது எதுவும் இல்லை. மழைக் குளிரில் விறைத்திருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. "நானும் தொடலாமா?" என்றாள் இந்திராணி. அனுமதி கொடுக்கிற ஆள் தான் இல்லை என்று தோன்றவே அவன் நகர்ந்து இடம் விட்டான். அவள் தொட்டாள். எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். "சுடுதுங்க" என்றாள். அப்புறம் முழங்காலைக் கட்டிக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் சப்பணம் போடாமல், சாயாமல், சொந்தக்காரி பிரசவத்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். "போங்க, போய் நீங்க ஒரு டீ போட்டுக் கொண்டாங்க. நான் இவகூட இருக்கேன்." அவன் எழுந்து போனான். அடுப்படியில் தீக்குச்சியை எடுத்தான். கை நடுங்கியது, முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. தோட்டத்து ஆள் எவனாவது பார்த்தால் கேலி செய்வான். நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு மூன்றாவது குச்சியைக் கிழித்தான், பற்றிக்கொண்டது.